குந்துகாலில் இறங்கியவருக்கு எத்தனை அடி?

பாம்பன் கரையில் சுவாமி விவேகானந்தருக்குப் பெரிய சிலை எழுப்ப முன்வந்திருக்கும் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் துண்டறிக்கை போன வாரம் டீக்கடை பெஞ்சில் கிடந்தது. எடுத்துப் படித்தேன். நூறு அடிக்குக் குறையாமல் சிலை, ரயில் பாலத்தில் ஏறும்போதே கண்ணில் பட வேண்டும், இரவில் வண்ண விளக்கு, நன்கொடை அனுப்பக் கணக்கு எண் என்று எல்லாம் இருந்தது. அவர் சொன்ன ஒரு வாக்கியம் அதில் இல்லை. சரி, இடம் போதவில்லையோ என்னவோ என்று பின்பக்கம் திருப்பினேன். பின்பக்கம் ஒரு சிமெண்ட் கடை விளம்பரம்.

நான் கட்டட மேஸ்திரி. இந்தத் தீவில் பிறந்து, ராமேஸ்வரத்திலிருந்து கீழக்கரை வரை முப்பது வருடத்துக்கு மேல் கம்பி கட்டியும் கான்கிரீட் போட்டும் பிழைக்கிறவன். சிலையே கூடாது என்கிற ஆள் இல்லை. வேலை நடந்தால் எனக்கும் நாலு காசு. ஆனால் துண்டறிக்கையின் முதல் வரியில் ‘அவரது இலட்சியங்களை என்றென்றும் நினைவூட்ட’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ‘நினைவூட்ட’ என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். அவர் வந்து இறங்கிய குந்துகாலில் ஏற்கெனவே அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. அது நினைவூட்டாத எதை நூறு அடி நினைவூட்டப் போகிறது?

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மேடையில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1893-இல் சிகாகோ சபைக்கு அவர் போக உதவியவர்களில் முக்கியமானவர் நம் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாகத் திரும்பியவர் முதலில் கால் வைத்தது நம் கரையில். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களோடு ஜனமாக ராஜாவும் சேர்ந்து இழுத்தார். இந்த இடத்தில் கைதட்டல் விழும், பேச்சாளர் உட்கார்ந்துவிடுவார்.

மீதிக் கதை ராமேஸ்வரம் கோயிலில் நடந்தது. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று இருக்கிற கோயில். அங்கே நின்றுகொண்டு அவர் பேசியதன் சாரம் இது: ஏழையிடமும் எளியவரிடமும் நோயாளியிடமும் சிவனைப் பார்க்கிறவனே உண்மையில் சிவனைக் கும்பிடுகிறான், விக்கிரகத்தில் மட்டும் பார்க்கிறவனின் பூஜை ஆரம்பப் பாடம்தான். அந்தக் கோயிலுக்குள் இதைச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று யாராவது சொன்னால் மைக்கைப் பிடுங்குவார்கள்.

அன்றைக்கு ஒரு கதையும் சொன்னார். ஒரு முதலாளியின் தோட்டத்தில் இரண்டு வேலையாட்கள். ஒருவன் வேலையே செய்ய மாட்டான். முதலாளி வந்தால் மட்டும் ஓடிவந்து கைகூப்பி நின்று, ‘ஆகா, என் எஜமானின் முகம் என்ன அழகு!’ என்று ஆடுவான். இன்னொருவன் அதிகம் பேசமாட்டான். காய் பழமெல்லாம் விளைவித்து, தொலைவில் இருக்கிற முதலாளி வீட்டுக்குத் தலையில் சுமந்துகொண்டு போவான். முதலாளிக்கு யாரைப் பிடிக்கும்?

அந்தத் துண்டறிக்கையை மடித்துப் பையில் வைத்தபோது எனக்கு இந்த முதல் ஆள்தான் ஞாபகம் வந்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேச்சைக் கேட்ட ராஜா உடனே சிற்பியைக் கூப்பிடவில்லை. மறுநாள் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். இறங்கிய இடத்தில் ‘சத்யமேவ ஜெயதே’ என்று பொறித்து 40 அடி உயரத்துக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது அதற்கு அப்புறம். முதலில் சோறு, பிறகு கல். ராஜா வைத்த வரிசை அது.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

பதினெட்டு வயதில் தென்கடல் ஓரத்தில் ஒரு கிராமத்தில் சிலை வேலைக்குக் கையாளாகப் போனேன். ஊர் பெயர் வேண்டாம், எந்த மகானின் சிலை என்பதும் வேண்டாம். பதினாறு அடி, சிமெண்ட் சிலை. வலது கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்கிற மாதிரி. மணல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? இருபது அடி தள்ளி, கடற்கரையிலிருந்தே கூடை கூடையாக நான்தான் அள்ளினேன். ‘பூச்சுக்குத்தானே, போதும்டா’ என்றார் வேலை எடுத்தவர். கம்பிக்கு மேல் போதுமான கனத்துக்குக் கான்கிரீட் மூட, கம்பிக்குக் கீழே இடைவெளிக்காக வைக்கிற கவர் கட்டையை வைக்கவில்லை. விரல்களுக்குள் ஆறு மில்லிக் கம்பி, அதற்கு மேல் அரை அங்குலம்கூட வராத பூச்சு. திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. பந்தல், மைக் செட், கறியில்லாத சாப்பாடு. நானும் இரண்டு பந்தி உட்கார்ந்தேன்.

என் அம்மா பாசி எடுக்கப் போகிறவள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பிய்த்து வருவாள். ஏழெட்டு வருடம் கழித்து ஒருநாள் ஈரச் சேலையோடு வந்து நின்று, “டேய், நீ செஞ்ச சாமியாருக்கு வெரல் போச்சுடா” என்றாள். போய்ப் பார்த்தேன். இரண்டு விரல் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் கயிறு கட்டி எதிரே இருந்த பனைமரத்துக்கு இழுத்து, அதில் யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள். கை முழுக்கத் துருத் தண்ணீர் வழிந்த செங்காவிக் கோடு. அம்மா சிரித்தாள்: “கையாச்சும் ஒதவுதே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் யாராவது கையை உயர்த்தி ஆசி சொன்னால், அந்தக் கம்பிதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

உப்புக் காற்று என்ன செய்யும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, சைக்கிள் செயின் வைத்திருப்பவர்களுக்கே தெரியும். ஆனால் கான்கிரீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியாது. உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிற சாமான். உள்ளே இருந்தபடியே ஊதிப் பெருகி, மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். விரிசல் வெளியே தெரிகிற அன்று, உள்ளே வேலை முடிந்திருக்கும். அதனால்தான் கடல் நீர் தெறிக்கிற இடத்தில் கம்பியை மூடுகிற கான்கிரீட், நாங்கள் கவர் என்போம், 50 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது விதி. நம் பக்கத்தில் பாதி வீடுகளில் அதில் பாதிகூட இருக்காது. என் கையால் கட்டிய சிலதும் அதில் அடக்கம்.

வெண்கலம், இரும்புச் சட்டம் என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் மால்வண் கடற்கரையில் 2023 டிசம்பரில் திறந்த 35 அடி சத்ரபதி சிவாஜி சிலை, 2024 ஆகஸ்டில் கீழே விழுந்து நொறுங்கியது. ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை. நட்டும் போல்ட்டும் துருப்பிடித்திருக்கின்றன என்று அதற்கு முன்னாலேயே கடிதம் போயிருக்கிறது. மாலை போடுகிறவர்கள் போல்ட்டைப் பார்ப்பதில்லையே. நம் பாம்பன் பாலத்துக்கு 1914-லிருந்து சுரண்டிச் சுரண்டி வண்ணம் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அதனால் நூறு வருடத்துக்கு மேல் ரயில் போயிற்று. பாலத்துக்கு ரயில்வே இருந்தது. உங்கள் சிலைக்கு யார்? துண்டறிக்கையில் சிலைக்கான செலவு இருக்கிறது, திறப்பு விழாச் செலவுகூட இருக்கிறது. பராமரிப்பு என்ற சொல் இல்லை.

பெரிய சிலையால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். என் மகளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன், அப்போது அவள் ஆறாம் வகுப்பு. படகு வள்ளுவரை நெருங்கும்போது, “ஏன்ப்பா சரியா 133 அடி? நூத்து முப்பதுன்னு வெச்சிருக்கலாம்ல?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரு வாத்தியார்தான் சொன்னார்: குறளில் 133 அதிகாரம். அதில் அறத்துப்பால் 38, பீடமும் 38 அடி. மேலே நிற்கிற உருவம் 95 அடி, அது பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்கும் என்று கணபதி ஸ்தபதி அடிக்கணக்கிலேயே சொல்லிவைத்திருக்கிறார். மகள் திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க எத்தனையாவது அதிகாரம் எது என்று என்னைப் பரீட்சை வைத்துக்கொண்டு வந்தாள். அந்த உயரத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. 2004 சுனாமியில் அலை ஏறி அடித்தும் சிலை அசையவில்லை. கருங்கல் வேலை. அதற்கும்கூடச் சில வருடங்களுக்கு ஒருமுறை சாரம் கட்டி, காகிதக்கூழ் அப்பி, கல்லுக்குள் ஏறிய உப்பை உறிஞ்சி எடுத்து, ரசாயனம் பூசுகிறார்கள். மேஸ்திரியாக நான் அங்கே கும்பிட்டது அந்தப் பராமரிப்பையும் சேர்த்துத்தான்.

உங்கள் நூறு எதன் கணக்கு? பக்கத்து ஊர்ச் சிலையைவிடக் கூட என்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?

ஐதராபாத் பக்கம் முச்சிந்தலில் ராமானுஜருக்கு 2022-இல் 216 அடியில் சிலை திறந்தார்கள். சமத்துவச் சிலை என்று பெயர். போய்ப் பார்த்ததில்லை, படத்தில் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ராமானுஜர் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருக்கோஷ்டியூர் கோபுரம்தான். பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த ஊர். பதினெட்டு முறை நடந்து போய், யாருக்கும் சொல்லக் கூடாது என்ற கட்டளையோடு அந்த ஊர்க் குரு நம்பியிடம் வாங்கிய மந்திரத்தை, கோயில் மேலே ஏறி நின்று ஊருக்கே கூவிச் சொன்னார் என்பார்கள். சொன்னால் நரகம்தானே, இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் போகிறேன் என்றாராம். அவர் ஏறிய உயரம், கீழே நின்றவர்கள் காதில் விழுவதற்கான உயரம். நீங்கள் ஏற்றப்போகிற உயரத்திலிருந்து கீழே நிற்கிறவனுக்கு என்ன கேட்கும்? காற்றுதான் கேட்கும், அதுவும் கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில்.

இந்தக் கரையில் சிலையே இல்லாமல் நினைவில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கீழக்கரைச் சீதக்காதிக்குச் சிலை கிடையாது, அவர் மார்க்கத்தில் வைக்கவும் மாட்டார்கள். ஆனால் ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று சொல்லாத வாய் தமிழ்நாட்டில் உண்டா? உதவி கேட்டு வந்த புலவருக்கு, கப்ருக்குள்ளிருந்து, அதாவது கல்லறைக்குள்ளிருந்து, மோதிரக் கை நீண்டது என்கிறது கதை. நான் செய்த சிமெண்ட் கையையும் அந்தக் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். அதே கீழக்கரையில் சதக்கத்துல்லா அப்பா அடங்கியிருக்கிறார். அந்தப் பெரிய ஞானியின் பெயரைச் சொல்லி இன்றைக்கும் படிப்பு நடக்கிறது. ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி. ‘எல்லாரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்று அறியேன்’ என்றவர். அடிக்கணக்கில் சின்ன இடம்தான். ஓரியூரில் 1693-இல் பாதிரியார் அருளானந்தர் வெட்டுப்பட்ட இடத்தில் ஜனங்கள் செம்மண்ணைத்தான் நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். மண்ணுக்கு மேஸ்திரி தேவையில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அப்போது நான் கீழக்கரையில் ஒரு வீட்டு வேலையில் இருந்தேன். தளம் போட வேண்டிய நாள். காலையில் செய்தி வந்ததும் சித்தாள் பெண்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள், கலவை அப்படியே இறுகிப்போயிற்று. அதன்பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள், எல்லாம் நடந்தது. நான் சொல்ல வருவது வேறு. நோயாளியிடம் சிவனைப் பார் என்று விவேகானந்தர் சொன்னது இதே ஜில்லாவில், இதே கடலோரத்தில். நூற்று நாலு வருடம் அந்தப் பேச்சை மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். அந்தச் சங்கிலிகளைப் பார்த்துவிட்டுக் கடந்துபோன ஆயிரம் பேரில் நானும் ஒருவன். கோடைக் காலத்தில் அந்தப் பக்கம் வேலைக்குப் போனபோது கண்ணால் பார்த்திருக்கிறேன். பாவம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். என்னை அன்றைக்கு நிறுத்தியிருக்கக்கூடிய சிலை எத்தனை அடியில் இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, குறை சொல்லிக்கொண்டே போனால் போதுமா, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

உயரத்தைக் குறையுங்கள். ராஜா எழுப்பிய 40 அடியைத் தாண்ட வேண்டாம், அதற்கும் கீழே வந்தால் இன்னும் நல்லது. உருவத்தைக் கருங்கல்லில் செய்யுங்கள். கோயிலில் அவர் பேசியதிலிருந்து நாலு வரியைத் தமிழில், நின்று படிக்கிற ஆளின் கண் மட்டத்தில் வெட்டுங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்ப் பலகை அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. (இருக்கும், தெரியும். நாற்பது கல்வெட்டாவது பதித்திருக்கிறேன். பெயர் போடாமல் யாரும் ஒரு மூட்டை சிமெண்ட்கூடக் கொடுத்ததில்லை.) மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை வங்கியில் போட்டுவைத்து, அதன் வட்டியில்தான் சுத்தம், பூச்சு, பழுது எல்லாம் என்று முதல் தீர்மானமே போடுங்கள்.

இடம். நீங்கள் குறித்திருக்கிற தென்கடல் ஓரம் யாருக்கும் சொந்தமில்லாத வெறும் மணல் என்று துண்டறிக்கையில் இருக்கிறது. காலையில் ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். பாசி எடுக்கிற பெண்கள் மன்னார் வளைகுடாப் பூங்காவின் தீவுகளுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று விரட்டப்பட்டு, மிச்சம் இருக்கிற கரையில்தான் இறங்குகிறார்கள். கொண்டுவந்த பாசியைக் காயவைப்பது அந்த வெறும் மணலில்தான். நீங்கள் சுற்றுச்சுவர் வைத்து டிக்கெட் கவுண்டர் போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? வண்ண விளக்கும் வேண்டாம். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டால், பொரித்து வருகிற குஞ்சு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஊர்ந்து செத்துப்போகும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. பீடத்தின் நாலு பக்கமும் குடிதண்ணீர்க் குழாய் வையுங்கள். நம் பக்கத்தில் கிணறு தோண்டினால் உப்பு. நாலைந்து குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தூரம் போகிறார்கள் என்பது உங்கள் வீட்டிலும் தெரியும். காவிரித் தண்ணீர் இணைப்பு மெயின் ரோடு வரை வருகிறது. அங்கிருந்து குழாய் இழுக்க ஆகும் செலவு, உங்கள் சிலையின் ஒரு காதுக்கு ஆகும் செலவுகூட இருக்காது. தண்ணீர் பிடிக்க வருகிறவள் குடம் நிறைகிற வரை நிற்பாள். நிற்கிற நேரத்தில் கண் எதிரே அந்த நாலு வரி இருக்கும். தினமும் படிப்பாள். படிக்கத் தெரியாவிட்டால் கூட வந்த பிள்ளை படிக்கும்.

இதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டால், பீடத்துக்குக் கம்பி கட்டுகிற கூலி எனக்கு வேண்டாம். அந்தப் பழைய கைக்கு நான் பட்ட கடன் அது. கவர் 50 மில்லிக்கு ஒரு மில்லி குறைந்தாலும் கான்கிரீட் ஊற்ற விட மாட்டேன், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று கேள்விப்பட்டேன். வருகிறேன். டேப்பும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டுவருகிறேன். மெயின் ரோட்டிலிருந்து குழாய் எத்தனை மீட்டர் வரும் என்று முதலில் அளந்து கோடு போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
பாம்பன் தீவைச் சேர்ந்த ஒரு மேஸ்திரி